இடமிருந்து இரண்டாவது ஸ்விட்ச்

மின்சாரமே ஒழுங்காக வராத ஊரில் உட்கார்ந்துகொண்டு, இணையத்தில் போக்கர் ஆடிப் பிழைக்கிறேன் என்று ஒருவன் சொன்னால் யாருக்கும் சிரிப்புதான் வரும். எங்கள் ஃபுர்ன் எல் ஷெப்பாக்கில் நிறையப் பேர் சிரித்தார்கள். நான் கோபித்துக்கொண்டதில்லை. சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும், பெய்ரூத்தில் சிரிப்பதற்கு வேறு என்ன மிச்சம் இருக்கிறது.

என் பெயர் ஸாஹி கஸ்ஸூஃப். வயது முப்பத்தொன்பது. எட்டு வருடம் ஒரு வங்கியின் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். வங்கிகள் ஜனங்களின் டாலரைப் பூட்டிக்கொண்ட வருடம், என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு என் மூன்றாம் மாடி வீடு, ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. தொழில் என்னவென்று கேட்டால் போக்கர் என்று சொல்வேன். அந்த வார்த்தையைத் தயங்காமல் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருக்கும் சார்ஜன்ட் காலையில் வராந்தாவில் வைத்து மெதுவாக ஒன்று கேட்டார், கேப்டன். "உள்ளதச் சொல்லுய்யா. இதுல மாசாமாசம் ஜெயிக்க முடியுமா, முடியாதா?" அவர் போனில் அந்த ஆட்டம் இருக்கிறதென்று நினைக்கிறேன். பிறகு சொல்கிறேன் என்றேன். அவருக்குப் பதில் சொன்னால் உங்களுக்கும் சொன்னதாகிவிடும்.

முடியும். ஆனால் நூறு பேரில் நாலைந்து பேருக்குத்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் தளத்தை நடத்துகிறவன் தன் கமிஷனை உருவிக்கொள்கிறான். ஆகவே எதிராளியைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரனாக இருந்தால் போதாது, அந்தக் கமிஷனையும் தாண்டுகிற அளவுக்குக் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும். எதிரில் இருப்பவன் முகம் தெரியாது, அவன் கை நடுங்குவது தெரியாது. நல்ல ஆட்டக்காரனுக்கே மூன்று மாதம் சேர்ந்தாற்போல் சீட்டு விழாமல் போகும். அதைப் பதறாமல் தாண்டுகிறவன்தான் தொழில்காரன். எனக்குப் பதற்றம் கிடையாது. அதை நீங்களே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முதல் இரண்டு வருடம் தோற்றேன். எல்லாத் தொழிலிலும் கற்றுக்கொள்கிற காலம் என்று ஒன்று உண்டு.

அப்புறம் ஸன்னீன்57 என்ற பெயரில் ஒருவர் வந்தார். இரண்டு பேர் மட்டும் ஆடும் மேஜைகளில் மாலை நான்கிலிருந்து ஆறு வரை அந்தப் பெயர் தவறாமல் இருக்கும். நிதானமான ஆட்டம். அவசரம் கிடையாது, அலட்டல் கிடையாது, நாம் மிரட்டினால் மிரளமாட்டார். ஒரு மாதத்தில் என்னிடமிருந்து நிறையக் கறந்துவிட்டார். எரிச்சலாக இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால் அவமானமாக இருந்தது.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவே அரசாங்கக் கரண்ட் போய்த் தெரு ஜெனரேட்டர் வந்தது. இடையில் ஆறேழு விநாடி இருட்டு. என் கம்ப்யூட்டருக்குச் சின்னதாக ஒரு பேட்டரி வைத்திருந்தேன், அதனால் திரை அணையவில்லை. அந்த ஆறேழு விநாடியில் ஸன்னீன்57 என்ற பெயர் சாம்பல் நிறமானது, தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பெயர் சாம்பலாகும்போது, என் சமையலறை ஜன்னல் வழியாகக் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"லோரிஸ், நல்ல கையா வந்துச்சு, பாழாப்போன கரண்ட் போயிடுச்சு பாரு."

எங்கள் கட்டடத்தில் சமையலறை ஜன்னல்கள் எல்லாம் வெளிச்சத்துக்கு விட்ட ஓர் இடுக்கைப் பார்த்துத் திறக்கும். கீழ் வீட்டில் வெங்காயம் வதக்கினால் மேல் வீட்டில் கண் எரியும். அது இரண்டாம் மாடி உஸ்தாத் மிட்ரியின் குரல். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், அதனால் தெருவே அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடும். லோரிஸ் அவர் மனைவி. அவருடைய பென்ஷன் மாதத்துக்கு இரண்டு கிலோ ஆட்டிறைச்சிக்குக் காணாது. நுரையீரல் நோய்க்கு மனைவி எடுத்துக்கொள்ளும் மருந்தை டாலரில்தான் வாங்க வேண்டும். அந்த டாலருக்காகத்தான் ஆடினார். இதெல்லாம் எனக்கு அன்றே புரிந்தது. மேஜையை மாற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் எதிராளியைப் பற்றி இவ்வளவு தெரிந்த பிறகு எழுந்துபோகிற ஆட்டக்காரன் யாராவது இருக்கிறானா, சார்ஜன்ட்?

அந்த இடுக்கில் காது வைத்தேன். உஸ்தாத் மாதா கோவில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். கையில் மட்டமான சீட்டு இருந்தால் எதையாவது முனகிக்கொண்டே இருப்பார். நல்ல கை வந்ததும் முனகல் நின்றுபோகும். தொழிலில் இதற்குப் பெயர் எதிராளியைப் படிப்பது. நான் கண்ணால் படிக்கவில்லை, காதால் படித்தேன், அவ்வளவுதான். இருந்தும் ஏறக்குறையச் சமமாகத்தான் வந்தது. அவர் என்னைவிட நன்றாக ஆடினார் என்று சொல்லமாட்டேன். அவருக்குச் சீட்டு விழுந்தது.

இப்போது ஸ்விட்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெனரேட்டர் ஒயர் எங்கள் கட்டடத்துக்கு மொட்டைமாடி வழியாக இறங்குகிறது. அதனால் எல்லா வீட்டு ட்ரிப் ஸ்விட்சுகளும் மூன்றாம் மாடிப் படிக்கட்டுச் சுவரில், ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. என் வாசலிலிருந்து ஐந்து எட்டு தூரம். இடமிருந்து இரண்டாவது உஸ்தாதுடையது. மணிமணியான எழுத்தில் பெயரை எழுதி அவரே ஒட்டியிருக்கிறார். ஜெனரேட்டர்காரனுக்கு மாதாமாதம் பணம் கட்டி வாங்குகிற ஐந்து ஆம்பியர் லைன். வாஷிங் மெஷின் ஓடும்போது கீசரைப் போட்டால் ஸ்விட்ச் விழுந்துவிடும். விழுந்தால் ஒரு மாடி ஏறி வந்து தூக்கிவிட்டுத் திட்டிக்கொண்டே இறங்க வேண்டும். இதைச் செய்யாத வீடு பெய்ரூத்தில் கிடையாது.

முதல் தடவை அது தானாகத்தான் விழுந்தது. நான் ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு பெரிய தொகையை நடுவில் தள்ளியிருந்தேன். கீழே முனகல் நின்றிருந்தது. தோற்றோம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அவர் பெயர் சாம்பலானது. முப்பது விநாடிக்குள் ஆள் திரும்பாவிட்டால் சீட்டைக் கவிழ்த்துவிட்டதாகத் தளம் எடுத்துக்கொள்ளும். பணம் என் பக்கம் வந்தது. வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது, பெட்டியைத் திறந்தார், ஸ்விட்சைத் தூக்கிவிட்டார், "கீசர், கீசர்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இறங்கினார்.

இரண்டாவது தடவை தானாக விழவில்லை.

பதினாலு மாதத்தில் நாற்பத்தொரு முறை. அதிகமில்லை. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் அதுவும் இல்லை. பேராசைப்பட்டிருந்தால் தினமும் செய்திருக்கலாம். அரசாங்கக் கரண்ட் இருக்கிற, அந்த ஸ்விட்சுக்கு வேலையில்லாத நேரத்தில் அவரோடு நான் ஆடுவதில்லை என்பதை நீங்கள் கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் அப்படித் திட்டம் போட்டதாக நினைவில்லை.

உஸ்தாத் ஒருநாள் என் வீட்டுக்கே வந்துவிட்டார். தட்டில் மூடிவைத்த கிப்பே என்கிற கறி உருண்டை, லோரிஸ் கொடுத்தனுப்பியது. கூச்சத்தோடு உட்கார்ந்தார்.

"நீ இதுல பெரிய ஆளுன்னு சொல்றாங்க ஸாஹி. நானும் சும்மா பொழுதுபோக்கா கொஞ்சம் ஆடறேன். ஒருத்தன் இருக்கான் பாரு, தினம் என்கூடத்தான் வந்து உக்காருவான். ஆட்டம் ஒண்ணும் பிரமாதமில்ல. ஆனா எனக்கு நல்ல கை வர்றப்பல்லாம் கரண்ட் போயிடுது."

"கீசர் போட்டிருந்தீங்களா உஸ்தாத்?"

அவர் யோசித்தார். "போட்டிருந்தேன்னுதான் நெனைக்கிறேன்."

"அஞ்சு ஆம்பியர்ல கீசர் போட்டா வேற எதுவும் தாங்காது. அத மொதல்ல நிறுத்துங்க."

"சரி, நிறுத்திடறேன். அவன விட்டுட்டு வேற ஆளப் பாக்கட்டுமா?"

"தன்னவிடப் பெரிய ஆள்கூட ஆடினாத்தான் ஆட்டம் வளரும், உஸ்தாத். விட்றாதீங்க."

ஆட்டம் ஒண்ணும் பிரமாதமில்ல என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அன்று மாலை அவர் ஸ்விட்சை இரண்டு முறை இறக்கினேன்.

கீசரை நிறுத்தினார். அப்புறமும் ஸ்விட்ச் விழுந்தது. இஸ்திரிப் பெட்டியாக இருக்கும் என்றேன், அதையும் விட்டார், கசங்கின சட்டையோடு கோவிலுக்குப் போனார். பிறகு ஃப்ரிட்ஜ் என்றேன். மத்தியானத்தில் ஃப்ரிட்ஜையும் பிடுங்கிவைத்தார். கணக்கு வாத்தியார் இல்லையா, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். லோரிஸ் ஜன்னல் வழியாக எனக்குக் குரல் கொடுப்பார்.

"ஸாஹி, எங்க வீட்டுக்காரர் பச்சத் தண்ணியில குளிச்சுக் குளிச்சுச் சாமியாரா ஆயிட்டாருடா. அடுத்த மாசம் குகைக்குப் போயிடுவாரு. எனக்கு வேற மாப்பிள்ளை பாரு."

"மூக்குல மூச்சே இல்ல, இவளுக்கு மாப்பிள்ளை கேக்குது," என்று உள்ளேயிருந்து உஸ்தாத் சொல்வார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். எனக்கு அவர்களை மிகவும் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

போன அக்டோபரில் லோரிஸ் ஆஸ்பத்திரியிலிருந்து ஆக்சிஜன் மிஷினோடு வந்தார். லிஃப்ட் ஓடாத நேரம். மிஷினை இரண்டு மாடி தூக்கிக்கொண்டு போனது நான். சுவரில் செருகி, குழாயை மூக்கில் மாட்டி, சத்தம் சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். லோரிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கைக்கு ஆண்டவன் சுகம் குடுக்கட்டும், ராசா," என்றார். உதவி செய்தவனுக்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான்.

நிறுத்திவிடலாமா என்று நான் யோசிக்காமல் இல்லை. நிதானமாக யோசித்தேன். கரண்ட் போனால் மிஷின் கூவும். பக்கத்திலேயே சின்ன சிலிண்டர் இருக்கிறது. உஸ்தாத் குழாயை அதற்கு மாற்ற முக்கால் நிமிடம் ஆகும், பிறகு மாடியேறி வந்து ஸ்விட்சைப் போடுவார். எனக்கு வேண்டியது முப்பது விநாடிதான். வயதானவரை ஏன் ஏறவைக்க வேண்டும் என்று பல தடவை நானே தூக்கிவிட்டு, ஜன்னலில் சொல்லிவிடுவேன். "உஸ்தாத், நான் போட்டுட்டேன், நீங்க வராதீங்க." கீழேயிருந்து லோரிஸின் குரல் வரும், இரைப்புக்கு நடுவில், துண்டு துண்டாக. என் கைக்குச் சுகம் கேட்டு.

ஜனவரியில் சிட்னியிலிருந்து அவர்கள் மகள் டாலர் அனுப்பினாள். உஸ்தாத் அதை என்னிடம் கொடுத்தார். மிஷினுக்கு ஒரு இன்வெர்ட்டரும் நல்ல பேட்டரியும் வாங்க வேண்டும், தனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது, கடைக்காரன் ஏமாற்றிவிடுவான் என்றார். நான் ஏமாற்றவில்லை. மறுநாளே வாங்கினேன், இருப்பதிலேயே நல்லதாக. ஒரு டாலர்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை, பில் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

ஆனால் அதை அவர் வீட்டில் மாட்டினால் ஸ்விட்ச் விழுந்தாலும் அங்கே ஒன்றும் அணையாது. கம்ப்யூட்டரும் அணையாது, அவர் அதையும் அதில்தான் சேர்ப்பார். சரக்கு துறைமுகத்தில் நிற்கிறது உஸ்தாத், அடுத்த வாரம் வந்துவிடும் என்று சொன்னேன். எங்கள் ஊரில் இதை நம்பாதவர் யார். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். பேட்டரியைச் சும்மா வைத்தால் கெட்டுப்போகும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். அதனால் என் மேஜைக்கு அடியில் வைத்து என் கம்ப்யூட்டரோடு இணைத்துவைத்தேன். பொருள் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான்.

பிப்ரவரி பதினொன்று, புதன்கிழமை. மழை. மாலை ஐந்து பத்து. அன்று நான் தோற்றுக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒரு கையில், என்னிடம் ஒன்றுமே சேரவில்லை, ஆனால் சேர்ந்தவன்போல் மேஜையில் இருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன். சும்மா மிரட்டல். அவர் நம்பினால் போய்விடுவார், நம்பாவிட்டால் நான் மூன்று மாதம் பின்னால் போவேன்.

கீழே முனகல் இல்லை.

காது கொடுத்துக் கேட்டேன். மழைத் தண்ணீர் குழாயில் இறங்குகிற சத்தம் மட்டும். திரையில் அவருக்கான நேரம் குறைந்துகொண்டே வந்தது. நல்ல கை, யோசித்துக்கொண்டிருக்கிறார், இதோ அழுத்தப்போகிறார் என்று நினைத்தேன். எழுந்தேன். ஐந்து எட்டு. இடமிருந்து இரண்டாவது.

திரும்பி வந்தபோது அவர் பெயர் சாம்பலாகி, முப்பது விநாடி ஓட ஆரம்பித்திருந்தது. இருபத்தைந்து விநாடி மிச்சம் இருக்கும்போது மிஷின் கூவுவது கேட்டது. பத்தொன்பதில் உஸ்தாதின் குரல். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"ஸாஹி. ஸ்விட்சப் போடு ஸாஹி. சிலிண்டர் இல்லடா. ஸாஹி."

பத்தொன்பது விநாடி என்பது ஒன்றுமேயில்லை, கேப்டன். இப்போது உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். நீங்கள் சிகரெட் பற்றவைத்து முடிப்பதற்குள் போய்விடும். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பணம் என் பக்கம் வந்தது. உடனே ஓடிப்போய் ஸ்விட்சைத் தூக்கிவிட்டேன். "போட்டுட்டேன் உஸ்தாத்," என்று ஜன்னலில் சொன்னேன்.

கீழே மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

லோரிஸின் அடக்கத்துக்கு எல்லா வேலையும் நான்தான் பார்த்தேன். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு மூன்று நாளும் சர்க்கரையில்லாத காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றேன். உஸ்தாத் என்னைத் தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார், மகன் உட்காரும் இடத்தில்.

ஒன்பதாம் நாள் வழிபாடு முடிந்து, வேகவைத்த கோதுமை ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். நான் ஆடிக்கொண்டிருந்தேன், வேறு யாரோ ஒருவனோடு. உள்ளே வாங்க என்றேன். அவர் வாசலைத் தாண்டியதும் கரண்ட் போனது. கட்டடம் முழுக்க இருட்டு. என் திரை மட்டும் எரிந்தது, மேஜைக்கு அடியில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அவர் முதலில் பச்சை விளக்கைப் பார்த்தார். இன்வெர்ட்டர்மேல் ஒட்டியிருந்த, ஜனவரித் தேதி போட்ட கடைச் சீட்டைக் குனிந்து படித்தார். பிறகு நிமிர்ந்து திரையில் என் பெயரைப் பார்த்தார். பதினாலு மாதம் தினமும் எதிரில் பார்த்த பெயர்.

ஜெனரேட்டர் வருகிறவரை அசையாமல் நின்றார். கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. விளக்கு வந்ததும் கிண்ணத்தை மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டு குளிர்காலம் பச்சத் தண்ணியில குளிச்சேன், ஸாஹி," என்றார். படியிறங்கி நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: சிலிண்டர் இல்லையென்று எனக்குத் தெரியுமா. மூன்று நாளாக நினைவில்லை என்று சொன்னேன். தெரியும். அன்று காலை லோரிஸ் சொன்னார், "நிரப்ப அனுப்பறோம் ராசா, நாளைக்குத்தான் வரும், இன்னைக்கு ஒரு நாள் மிஷினே கதி." அதைக் கீழே தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் ஏற்றியவன் நான். ஸ்விட்சை இறக்கும்போதும் தெரியும், பத்தொன்பது விநாடி உட்கார்ந்திருந்தபோதும் தெரியும். இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நேற்று நீங்கள் உஸ்தாதின் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டியதிலிருந்து நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து மணி தாண்டியதும் லோரிஸுக்கு இரைப்பு கூடிவிட்டது, அவர் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார் என்று அதில் இருக்கிறது. நான் மொத்தத்தையும் தள்ளியதை அவர் பார்க்கவேயில்லை. அதனால்தான் முனகல் இல்லை. அவர் நேரம் தானாகவே முடிந்திருக்கும், சீட்டு தானாகவே கவிழ்ந்திருக்கும்.

ஆகவே, சார்ஜன்ட், ஜெயிக்க முடியுமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் முடியும் என்பதுதான். நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே வேண்டியதில்லை. அந்தக் கையை நான் நேர்மையாகவே ஜெயித்திருந்தேன்.